நுகர்வு நல்லதா கெட்டதா? மண்டபத்துத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். தம்பிக்கு மண்டபம் பக்கம் ஊர். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தம்பி பொருளியல் படிக்கிறார். வகுப்பில் "மக்கள் வாங்கினால்தான் நாடு வளரும்" என்கிறார்கள். வீட்டில் அம்மா, தவணையில் வந்த ஃபிரிட்ஜையும் பைக்கையும் காட்டி, "இப்படி வாங்கி வாங்கித்தான் ஊரே கடனாளி ஆச்சு, கடலும் குப்பையாச்சு" என்கிறார். மனித சமூகத்துக்கு நுகர்வு நன்மையா தீமையா என்று கேட்டிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குப் பட்டது, அவருடைய உண்மையான சங்கடம் வேறு: ஆசிரியரையும் அம்மாவையும் ஒரே நேரத்தில் நம்பலாமா என்பதுதான். நம்பலாம். செலவழித்த காசு அடுத்து யார் கைக்குப் போகிறது என்று ஆசிரியர் பார்க்கிறார். அந்தப் பொருளுக்கான விலையை கடைசியில் யார் சுமக்கிறார்கள் என்று அம்மா பார்க்கிறார்.

நான் பொருளியல் படித்து, கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, பிறகு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அதனால் வீட்டு வரவு செலவு பற்றித் தைரியமாகப் பேசுவேன். கடல் உயிர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆய்வாளர்கள் எழுதியதையும் கடலுக்குப் போகிறவர்கள் சொன்னதையும் வைத்துத்தான்.

சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் முடித்துக்கொள்வோம். ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 60% குடும்பங்களின் நுகர்வுச் செலவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் என்ன ஆகும் என்பதை 1936ல் கெயின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் விளக்கினார்: ஒரு வீடு சேமித்தால் அது நல்ல வீடு, எல்லா வீடும் ஒரே நாளில் சேமிக்கத் தொடங்கினால் சம்பளம் கொடுக்க ஆளில்லாமல் போகும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதத்தில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட 24% சரிந்தது. ஊரடங்கு உற்பத்தியையும் வாங்குவதையும் சேர்த்தே நிறுத்தியது, ஆகவே முழுப் பழியும் நுகர்வு குறைந்ததன் மேல் இல்லை. ஆனாலும் வாங்க ஆள் வராவிட்டால் பிடித்த மீனுக்கு மதிப்பே இல்லை என்பதை இந்தக் கரைக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வருமானம் கூடக்கூட அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857ல் கண்டுபிடித்தார். இது இன்றுவரை பொய்க்காத விதி. அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் 1999-2000ல் 59% உணவுக்குப் போனது. 2011-12ல் 53%. 2023-24ல் 47%. இந்த இறக்கத்தை நான் குழுக்களின் கடன் பதிவேட்டிலும் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் கடன் கேட்கும் காரணம் என்று அரிசி, ஆஸ்பத்திரி, அறுந்த வலை என்றே எழுதியிருக்கும். பிறகு கல்லூரிக் கட்டணம், தையல் மெஷின், கழிப்பறை, செல்போன் என்று வர ஆரம்பித்தது. கருவேல விறகின் புகையில் கண் எரிய நின்ற பெண், கேஸ் அடுப்புக்கு மாறுவதும் நுகர்வுதான். அதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது. நுகர்வைப் பொதுவாகத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முதல் படியை எப்போதோ தாண்டிவிட்டவர்கள். அதே கணக்கெடுப்பில் எனக்குக் கவலை தருகிற ஒன்றும் இருக்கிறது. கிராமத்து வீட்டுச் செலவில் பானங்கள், நொறுக்குத்தீனி, பதப்படுத்திய உணவு எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 10% ஆகிவிட்டது. பாலுக்கோ காய்கறிக்கோ தனித்தனியாகப் போவதைவிட அதிகம்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன், பதிலின் முக்கியமான பகுதி இதுதான். ராமநாதபுரம் கடற்கரையில் தலைக்கு எவ்வளவு நுகர்கிறார்கள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கரை முழுக்க முழுக்க யாரோ எங்கோ நுகர்வதை நம்பித்தான் பிழைக்கிறது. இறால் வெளிநாட்டுக்குப் போகிறது. சங்கு வங்காளத்துப் பெண்களின் கைவளையலுக்குப் போகிறது. முண்டு மிளகாய் எந்த ஊர் மசாலாவுக்கோ போகிறது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50% ஆக்கியபோது இந்தியா முழுவதும் இறால்காரர்கள் கலங்கினார்கள். அங்கே ஒரு குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வாங்குகிறது என்பது இங்கே ஒரு படகின் டீசல் காசைத் தீர்மானிக்கிறது. ஆகவே நுகர்வு ஒழிக என்று இந்தக் கரையிலிருந்து கோஷம் போட முடியாது. அதே சமயம், அந்த நுகர்வு விட்டுச்செல்கிற காயமும் இங்கேதான் விழுகிறது.

சங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியில் இறாலோடு சேர்ந்து ஏறுகிற பொடி மீன், குஞ்சு மீன், சின்ன நண்டு எல்லாம் சேர்ந்த குவியல்தான் சங்காயம். மனிதர்கள் சாப்பிட முடியாதது, காய வைத்து, அரைத்து, மீன் தூளாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும்தான், மீன் தூள் ஒரு பங்கு மட்டும். ஆனாலும் அந்தத் தேவை இருப்பதால் சங்காயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. விலை இருப்பதால் அதைத் திரும்பக் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். இறால் குறைவாகக் கிடைத்த நாளில் டீசல் செலவில் ஒரு பகுதியை அது ஈடுகட்டுகிறது. அந்தக் குவியலில் அடுத்த வருடம் பெரிதாகி வலையில் விழ வேண்டிய மீனின் குஞ்சும் கிடக்கிறது. மறுமுனையில் பாருங்கள்: தீவனம் மலிவாகக் கிடைத்தால் முட்டை மலிவாகும், பள்ளிக்கூடச் சத்துணவில் பிள்ளையின் தட்டில் முட்டை விழும். ஒரே சங்கிலியில் ஒரு பிள்ளையின் புரதமும் இன்னொரு பிள்ளையின் நாளைய பிழைப்பும் இருக்கிறது. இது நன்மையா தீமையா என்று ஒற்றை வார்த்தையில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாருக்கு, எப்போது என்று கேட்டால் இருக்கிறது: நன்மை இன்று, முட்டை சாப்பிடுகிறவருக்கும் படகுக்காரருக்கும். இழப்பு இரண்டு மூன்று வருடம் கழித்து, பெரும்பாலும் கரையோரம் நாட்டுப்படகில் வலை விடுகிறவருக்கு. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று பாக் நீரிணையில் முறை வைத்ததே இந்த மோதலால்தான்.

கடல் அட்டை என்ற கடலடி உயிரி இன்னும் பச்சையான உதாரணம். தமிழ்நாட்டில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது விருந்துப் பொருள். அவர்கள் விருந்துக்காக இந்தப் பக்கம் முக்குளித்து எடுத்து, அவித்து, உலர்த்தி அனுப்பினோம். அளவு மீறிப் போனதால் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துத் தடை வந்தது. பலனை அனுபவித்தவர் எங்கோ இருக்கிறார், வேலை இழந்தவர் நம் ஊர் முக்குளிப்பவர். தடை சரியா என்பதில் இன்னும் சச்சரவு ஓயவில்லை. எல்லை தாண்டினால் இலங்கையில் அனுமதியோடு எடுக்கிறார்கள், இங்கே எடுத்தால் சிறை. அதனால் கள்ளக் கடத்தல் நடக்கிறது. முழுத் தடைக்குப் பதில் பண்ணை வளர்ப்பும் அளவுக் கட்டுப்பாடும் போதும் என்கிறவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு, ஆனால் இதை முடிவான உண்மை என்று சொல்ல மாட்டேன்.

பவளப்பாறை விஷயம் திரும்பி வராத இழப்பு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இப்போது நீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, அலையைத் தடுக்கும் வரைதான் அதன் பின்னால் மணல் தங்கும். பார் போனால் அலை நேராக வந்து மணலை அள்ளிவிடும், தீவு கரையும். வெட்டியதன் பங்கு எவ்வளவு, கடல் மட்டம் ஏறியதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வெட்டியது ஒரு பெரிய காரணம் என்பதில் இல்லை. எஞ்சிய பவளம் 2010லும் 2016லும் கடல் நீர் சூடேறி வெளுத்தது. அந்தச் சூட்டுக்கு நம் பங்கு மிகவும் குறைவு. ஓர் இந்தியர் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியிடுகிறார் என்றால் ஓர் அமெரிக்கர் சுமார் 14 டன். இந்தியரின் அந்தச் சராசரிக்குள்ளேயே சென்னையில் இரண்டு கார் வைத்திருப்பவரும் இருக்கிறார், பாம்பனில் பாசி பொறுக்கும் அம்மாவும் இருக்கிறார்.

பாசி என்றதும் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கிறார்கள். அது இனிப்புப் பண்டத்துக்கும் போகிறது, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுக்கும் போகிறது. வாங்க ஆள் கூடியதும் எடுக்கிறவர்களும் கூடினார்கள், பாசி மெலிந்தது. ஒரு பக்கம் தேசியப் பூங்கா என்று வனத்துறை தடுத்தது. இந்த நிலையில் அந்தப் பெண்களே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: மாதத்தில் சுமார் 12 நாள்தான் போவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கையால் மட்டும் பறிப்பது, பாசி மறுபடி வளர விடுவது. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. நான் இதை நினைத்துப் பெருமைப்படுவதற்குக் காரணம் விருது மட்டுமில்லை. இனிப்பு சாப்பிடுகிறவரிடம் "குறைவாகச் சாப்பிடுங்கள்" என்று கேட்டு யாராலும் பாசியைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவருக்குத் தான் எதைச் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. பொருள் கிடைக்கும் இடத்தில், அதை எடுக்கிறவர்கள் கையில் முடிவு இருந்ததால் முடிந்தது. ஒரே குறை, கட்டுப்பாட்டால் போன வருமானத்தை அவர்களே சுமந்தார்கள், வாங்குகிற ஆலை அதற்காக விலையைக் கூட்டித் தரவில்லை.

இதற்கு அடுத்த அத்தியாயம் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு. 2000ஐ ஒட்டி ஒரு பெரிய குளிர்பான நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வரும் கராகீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கலக்கிறது. பெண்கள் கையில் நல்ல காசு புரண்டது, அது நிச்சயம். அது வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை 2008ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், அதுவும் நிச்சயம். பரவல் பெரிய ஆபத்தா, கட்டுக்குள் வைக்கக்கூடியதா என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி.

அடுத்து, வாங்கி வாங்கியும் மனம் நிறையவில்லையே, அப்புறம் எதற்கு என்ற கேள்வி. இது சந்தேகமான பகுதி. ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிடத் திருப்தியாக இருந்தாலும், நாடு முழுவதும் பணக்கார நாடாகும்போது திருப்தி அதே வேகத்தில் ஏறுவதில்லை என்று 1974ல் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர் சொன்னார். 2008ல் ஸ்டீவன்சன், உல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கூடுதல் நாடுகளின் தரவை வைத்து, இல்லை, ஏறத்தான் செய்கிறது என்று மறுத்தார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்யும் செலவு பற்றி எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. 1899லேயே வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை எழுதிவிட்டார். ஒரு வீட்டில் காதுகுத்துக்குப் பெரிய மண்டபம் பிடித்தால் அடுத்த வீடும் பிடித்தாக வேண்டும், இரண்டு வீட்டுக்கும் கௌரவம் பழைய நிலையிலேயே நிற்கும், கடன் மட்டும் கூடியிருக்கும். இதில் மொய்யை நான் சேர்க்க மாட்டேன். மொய் திரும்பி வரும் காசு, ஊருக்குள் சுற்றும் ஒரு சேமிப்பு.

சரி, உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். கடல்காரர் வீட்டில் நுகர்வு கெடுதலாக மாறுவது பெரும்பாலும் பொருளால் இல்லை, தேதியால். மாதச் சம்பளக்காரருக்காக வகுத்த தவணை முறையை, மீன்பாட்டை, அதாவது வலையில் விழும் மீனை, நம்பியிருக்கும் வீட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும். தவணை நிற்காது. அந்த இரண்டு மாதம் நகை அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் வாங்கினால் பிடிக்கும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்போது பைக்கின் உண்மையான விலை கடைக்காரர் சொன்ன விலை இல்லை. அடகு வட்டியும், மீனில் விட்ட விலையும் சேர்ந்ததுதான். படகுக்கடனிலும் இதே கதை, அங்கே தவணை நெருக்கத்தில் குஞ்சு மீனையும் அள்ளும் சிறுகண் மடியை விடுவதும், தடுத்த இடத்தில் மீன்பிடிப்பதும் வந்துவிடும். அம்மா சொன்ன கடனாளி ஊரும் கெட்டுப்போன கடலும் ஒன்றோடொன்று இப்படித்தான் கோத்திருக்கின்றன.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் வீட்டார் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து மீன்பாடு இல்லாத மாதங்களில் 4,500 ஆகத் திரும்ப வரும். மகளிருக்கும் தனியாக இதேபோல உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் மீன்பாடு உள்ள மாதத்து நுகர்வைக் கொஞ்சம் தள்ளிவைத்து இல்லாத மாதத்துக்குக் கொண்டுபோகும் முறை அதில் இருக்கிறது. நான் பார்த்த குழுக்களில் நன்றாக நடந்தவை, தடைக்காலத்தில் அசலை நிறுத்தி வட்டி மட்டும் வாங்கிவிட்டு, தடை முடிந்து படகு இறங்கியதும் கூடுதலாக வசூலித்தவை.

உங்கள் ஃபிரிட்ஜை நான் பைக்கோடு ஒரே கணக்கில் சேர்க்க மாட்டேன். அம்மா மீன் விற்பவராக இருந்தால், அன்று விற்காத மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் மறுநாள் வரை வைத்திருக்க அது உதவும், தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும். பைக்குக்கு ஒரு வேலை செய்யுங்கள். தவணை அட்டையை எடுத்து, தடைக்காலத்தில் விழுந்த தேதிகளைக் குறியுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டு எதிரில் எழுதுங்கள். அடகு வட்டி, முன்பணத்தால் மீனில் விட்ட காசு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது, அம்மா தயங்காமல் சொல்வார். உங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் இதே கணக்கைக் கேட்டு எழுத முடிந்தால் உங்கள் படிப்புக்கே நல்ல ஆய்வுக் கட்டுரை ஆகும். பெயர்களை எடுத்துவிட்டு அந்தக் கணக்கை இங்கே போடுங்கள், வட்டிக் கணக்கில் பிசகு இருந்தால் நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.